பைப் கேஸ் அடுப்பைச் சிலிண்டருக்கு மாற்றுவது: ஏற்காட்டுக்கு வீடு மாறுகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் வேலை பார்த்து முடித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. லாரியில் சாமான் ஏற்றும்போது, அங்கே பைப் கேஸில் எரிந்துகொண்டிருந்த அடுப்பையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சேலத்திலும் சில பகுதிகளுக்குக் குழாய் எரிவாயு வந்துவிட்டது, ஆக கீழ்வீட்டு அடுப்பை மேலே எஸ்டேட் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். மேலே இருப்பது சிலிண்டர்தான். வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டில் ஒரு சிலிண்டரைக் கேட்டு வாங்கி, டியூபைச் சொருகி, லைட்டரைத் தட்டினால் அடுப்பு ஜோராகப் பிடித்துக்கொள்ளும். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம். பிடிக்காமல் போயிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள், பிடித்துக்கொண்டதால் யாரும் கூப்பிடுவதில்லை.

குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. ஒரு லிட்டர் மீத்தேனையும் ஒரு லிட்டர் எல்.பி.ஜி. வாயுவையும் எரித்துப் பார்த்தால் எல்.பி.ஜி. தருகிற சூடு இரண்டரை மடங்குக்கும் மேல். அதற்கேற்ப அது தின்கிற காற்றும் அதிகம்: ஒரு லிட்டர் மீத்தேன் முழுசாக எரிய சுமார் 10 லிட்டர் காற்று போதும், புரோப்பேனுக்கு 24 லிட்டர் வேண்டும், பியூட்டேனுக்கு 31. அழுத்தமும் வேறு. வீட்டுக்குள் வரும் குழாயில் சுமார் 21 மில்லிபார், சிலிண்டர் ரெகுலேட்டர் விடுவது சுமார் 30 மில்லிபார். இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் அடுப்புக்குள் இருக்கிற ஜெட்டின், அதாவது பர்னருக்குக் கேஸைப் பீய்ச்சுகிற குட்டிப் பித்தளை மூக்கின், துளையை வைக்கிறார்கள். பைப் கேஸ் ஜெட்டில் துளை பெரிசு, எல்.பி.ஜி. ஜெட்டில் சிறிசு. பெரிய துளை வழியாக, கூடுதல் அழுத்தத்தில், கூடுதல் சூடு உள்ள கேஸை விட்டால் பர்னர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் எரியும், அவ்வளவு கேஸுக்கும் வேண்டிய காற்று உள்ளே வராது. மஞ்சள் தீ, கரி, அதோடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு, கார்பன் மோனாக்சைடு.

தலைகீழாக, அதாவது சிலிண்டர் அடுப்பை அப்படியே பைப் கேஸில் மாட்டினால், தீ சோப்ளாங்கியாக எரியும், தோசைக்கல் காயாது, வீட்டில் சண்டை வரும், அவ்வளவுதான். நாம் பேசுவது அதற்கு எதிர்ப்பக்கம். அதனால்தான் 'கீழே மாத்தினப்போ ஒண்ணும் ஆகலையே' என்கிற அனுபவத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் பெருமையாகவே காட்டினார்: "நல்லா வீரியமா எரியுதுங்க தம்பி, பெங்களூர்ல இப்படி எரிஞ்சதே இல்லை." எரியத்தான் எரிந்தது. சின்ன பர்னரில் பால் பாத்திரம், தீ அடியை விட்டு வெளியே வந்து பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு விரல் உயரம் ஏறி நின்றது, நுனியெல்லாம் மஞ்சள். சிம்மில் வைத்தாலும் மற்ற அடுப்பின் பாதித் தீ அளவுக்கு இருந்தது. பாத்திரத்தைத் தூக்கி அடியைத் தடவினால் விரலில் மை. ஜன்னல் குளிருக்காகச் சாத்தியிருந்தது. தலைவலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அது இந்த மலைக்காத்து ஒத்துக்கலைன்னு நினைச்சேன்" என்றார். அப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள்.

சரி, மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜெட் மாற்றுவது அடுப்புக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் அல்லது கேஸ் ஏஜென்சி மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவர் செய்தது சரியா என்று பார்ப்பது நம் வேலை, ஏனென்றால் வந்தவர் தீ பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும்.

ஜெட்டைக் கண்டுபிடிப்பது

அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். எந்த கேஸுக்கு, எந்த அழுத்தத்துக்கு என்று அதில் போட்டிருப்பார்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாடல் எண் இல்லாமல் சரியான ஜெட் வாங்க முடியாது. ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சிலிண்டர் அடுப்பாக வாங்கி, பைப் கேஸ் இணைப்பு கொடுக்கும்போது ஜெட்டை மட்டும் மாற்றியிருந்தால் ஸ்டிக்கரில் எல்.பி.ஜி. என்றே இருக்கும், உள்ளே இருப்பது பைப் கேஸ் ஜெட்.

மேடையில் பதிக்கிற ஹாப் மாடலாக இருந்தால் வேலை சுலபம். பாத்திரம் வைக்கிற கம்பியையும் பர்னர் மூடியையும் எடுத்தால் நேராக நடுக்குழியில் பித்தளை ஜெட் தெரியும், பெரும்பாலும் 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரில் கழலும். சாதாரண இரண்டு பர்னர் அடுப்பென்றால் கவிழ்த்து, பர்னருக்குக் கேஸ் போகிற மிக்ஸிங் டியூபைக் கழற்ற வேண்டும். நாப் சொருகியிருக்கிற காக்கின், அதாவது கேஸைத் திறந்து மூடுகிற வால்வின், நுனியில் ஜெட் முறுக்கியிருக்கும்.

ஜெட்டின் தலையிலோ பக்கத்திலோ ஒரு எண் பொறித்திருக்கும். அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 65 என்றால் 0.65 மி.மீ. ஹாப் மாடல்களில் எல்.பி.ஜி.க்குச் சின்ன, நடு, பெரிய பர்னருக்கு 50, 65, 85 என்பது பரவலாக இருக்கிற வரிசை, அதே பர்னர்களுக்குப் பைப்பில் வருகிற இயற்கை எரிவாயு என்றால் 72, 97, 115. இது ஒரு அந்தாஜுக்குத்தான். உங்கள் அடுப்போடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு, பர்னருக்குப் பர்னர் மாறும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பைப் கேஸுக்கு மாற்றும்போது புது ஜெட் போடாமல், இருந்த ஜெட்டையே டிரில் பிட்டால் பெரிசுபண்ணி விட்டிருப்பார்கள். அந்த ஜெட்டில் எண் 65 என்றே இருக்கும், துளை மட்டும் 65 இல்லை. எண்ணைப் பார்த்து, 'ஏற்கெனவே எல்.பி.ஜி. ஜெட்தானே' என்று ஏமாந்துவிடலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பெட்டி பிரிக்காத இன்னொரு 65 ஜெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துளை ஓரம் பிசிறு பிசிறாக, வட்டம் கோணலாக இருந்தால் யாரோ குடைந்திருக்கிறார்கள். அப்படிக் குடைந்த ஜெட்டைத் திரும்பச் சின்னதாக்க வழியே இல்லை. ஈயம் வைத்து அடைத்துத் திரும்பத் துளை போடுவது, உள்ளே மெல்லிய செம்புக் கம்பி சொருகுவது எல்லாம் கைவேலை சாமர்த்தியம், அடுப்பு வேலை இல்லை. புது ஜெட் வாங்கிவிடுங்கள், பெரிய செலவு கிடையாது.

வாங்குவதை சேலத்திலேயே முடித்துக்கொண்டு மேலே போவது நல்லது. டவுனில் அடுப்பு சர்வீஸ் செய்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும், கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் மாடல் எண்ணைச் சொல்லி வரவழைக்கலாம். ஒரு ஜெட்டுக்காக 20 கொண்டை ஊசி வளைவையும் திரும்ப இறங்கி ஏறுவதற்குப் பதில், நாலு பர்னருக்கும் சேர்த்து வாங்கி, எது எந்த பர்னருக்கு என்று பொட்டலத்தின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பர்னர் ஜெட்டும் பெரிய பர்னர் ஜெட்டும் இடம் மாறிவிட்டால் கதை திரும்ப முதலிலிருந்து.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இறுக்கம். பித்தளை மெத்தென்றது, காக் பெரும்பாலும் அலுமினியம் அல்லது பித்தளை. முதலில் கையாலேயே முறுக்கி மரை சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, அப்புறம் ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி. பலம் முழுக்கப் போட்டால் மரை போய்விடும். ஜெட் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், துணுக்கு உள்ளே போய்த் துளையை அடைக்கும். அடைப்பு எடுக்கிறேன் என்று ஊக்கால் குத்துவதும் வேண்டாம், நாளடைவில் துளை அகன்றுவிடும்.

சிம், காற்று, ரெகுலேட்டர்

பலரும் ஜெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். சிம்முக்குத் தனி வழி இருக்கிறது. நாப்பை இழுத்துக் கழற்றினால் தண்டின் நடுவிலோ பக்கத்திலோ ஒரு குட்டி ஸ்குரு தெரியும், அதுதான் சிம்மில் போகிற கேஸின் அளவு. பைப் கேஸுக்கு அதைக் கொஞ்சம் திருப்பி விட்டிருப்பார்கள். எல்.பி.ஜி.க்கு அநேகமாக எல்லா ஹாப்களிலும் முழுக்க உள்ளே முறுக்கச் சொல்லியிருப்பார்கள், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெரிய தீ சரியாக இருக்கும், சிம் மட்டும் அடங்காது, ரசம் கொதித்துப் பொங்கும்.

காற்று விடுகிற தகடு, ஏர் ஷட்டர் என்பார்கள், எல்லா அடுப்பிலும் இருக்காது. இருந்தால் எல்.பி.ஜி.க்கு வழக்கமாக இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும். ஏற்காட்டில் இது கூடுதலாகவே பொருந்தும், ஏனென்றால் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. சேலத்தில் வைத்து நீலமாக எரியப் பண்ணிய அடுப்பு மேலே போனதும் நுனியில் லேசாக மஞ்சள் தட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆகவே கடைசிச் சரிபார்ப்பை, அடுப்பு எந்த ஊரில் எரியப்போகிறதோ அந்த ஊரில் செய்ய வேண்டும். கீழே செட் பண்ணிக் கொடுத்துவிட்டோம் என்று கடைக்காரர் சொன்னாலும் சரி.

ரெகுலேட்டர் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். ஏஜென்சியில் கொடுக்கிற, அழுத்தம் நிலையாக வைத்த வீட்டு ரெகுலேட்டர்தான். ஹோட்டல் பட்டி அடுப்புக்குப் போடுகிற, திருகினால் அழுத்தம் ஏறுகிற ரெகுலேட்டரைக் கடையில் விற்பார்கள், 'மலைக்கு இதுதான் சார் நல்லா இழுக்கும்' என்று சொல்லியும் விற்பார்கள். வாங்காதீர்கள். குழாய் இணைப்பில் மீட்டர் பக்கம் இருந்த ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் சம்பந்தமே இல்லை.

டியூப் புதிசாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஆரஞ்சு சுரக்ஷா டியூப். ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, அடுப்புக்குக் கீழே சூடு படுகிற மாதிரி போகக் கூடாது. மேலே தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். பழைய வீட்டு டியூப் நன்றாக இருக்கிறதே என்று லாரியிலேயே சுருட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள், அதைக் குப்பையில் போடுங்கள்.

சிலிண்டர் இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஊரில் பைப் கேஸ் வந்தபோது சிலிண்டர் இணைப்பை ஒப்படைத்திருந்தால், அப்போது கொடுத்த வவுச்சரைத் தேடி எடுத்து ஏற்காட்டுக்குக் கேஸ் போடுகிற ஏஜென்சியில் காட்டுங்கள். பக்கத்து வீட்டுச் சிலிண்டரை எத்தனை நாளைக்கு ஓட்டுவது.

சிலிண்டரை எங்கே வைப்பது

மலை வீடுகளுக்கென்றே உள்ள விஷயம் இது. மீத்தேன் காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே ஏறி ஜன்னல் மேல்பக்கம், வென்டிலேட்டர் வழியாகப் போய்விடும். எல்.பி.ஜி. காற்றைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், மீத்தேனுக்கு அது 5 சதவீதம்.

ஏற்காட்டில் சரிவில் கட்டிய வீடுகளில் சமையலறை ஒரு மட்டம், அதற்குக் கீழே பாதி மண்ணுக்குள் போன ஸ்டோர் ரூம் ஒரு மட்டம் என்று இருக்கும். 'சமையல்கட்டில் இடம் அடைக்கிறது' என்று சிலிண்டரைக் கீழே ஸ்டோரில் வைத்து மேலே டியூப் இழுக்கிறார்கள். அந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்தாலும் அது தலை உயரத்துக்கு மேலேதான் இருக்கும், கேஸ் கணுக்கால் உயரத்தில் நிற்கும். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் காலையில் லைட் சுவிட்சைத் தட்டுகிறவர் கதி என்ன. சிலிண்டர் தரை மட்டத்தில் அல்லது அதற்கு மேலே, நிமிர்ந்த நிலையில், அடுப்பைவிடத் தாழ்வாக, காற்று ஓட்டம் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். வெளிப்பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு ஓட்டை போட்டு எலி நுழையாத வலை அடித்துவிடுங்கள். மேலே உள்ள வென்டிலேட்டர் எல்.பி.ஜி.க்குப் போதாது.

இதே காரணத்தால் பெங்களூர் வீட்டில் கூரையை ஒட்டி மாட்டியிருந்த கேஸ் அலாரத்தை இங்கேயும் கூரையில் மாட்டினால் அது அலங்காரப் பொருள். எல்.பி.ஜி. அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், அதுவும் எல்.பி.ஜி.க்கு என்று போட்ட அலாரமாக இருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு கூத்து நடக்கும். பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான், புரோப்பேன் மைனஸ் 42-ல். குளிர் ஏற ஏற, சிலிண்டர் காலியாகிக்கொண்டு வர வர, உள்ளே ஆவியாகிற வேகம் குறையும், தீ இறங்கும். உடனே சிலிண்டரைச் சுடுதண்ணி அண்டாவில் உட்கார வைப்பது, பக்கத்தில் கணப்பு மூட்டுவது. தயவுசெய்து வேண்டாம். இதற்கும் ஜெட்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஜெட்டைப் பெரிசு பண்ணவும் கூடாது. ஒரே நேரத்தில் எல்லா பர்னரையும் எரிக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கசிவு, அப்புறம் தீ

எல்லாம் மாட்டியான பிறகு நாப்களை மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணி நுரைக்க நுரைக்கக் கலந்து, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் ரெகுலேட்டர் கழுத்து, டியூப்பின் இரண்டு முனை, அடுப்புக்குள் போகிற பைப், காக்குகள் என்று வரிசையாகப் பூசுங்கள். குமிழ் பெரிசாகிக்கொண்டே வந்தால் கசிவு. தீக்குச்சி பற்றவைத்துக் கசிவு பார்க்கிற மெக்கானிக் வந்தால் மரியாதையாக வாசலைக் காட்டுங்கள். ஜெட் மரையில் கசிவு இருக்கிறதா என்பது நாப் மூடியிருக்கும்போது தெரியாது, அதனால் அடுப்பை எரியவிட்டு, ஜெட் அடிப்பக்கம் தனியாகச் சின்ன நீலத் தீ ஏதும் ஆடுகிறதா என்று விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள்.

அடுத்தது தீ. ஒரு பர்னரைப் பற்றவைத்து முழுக்கத் திறந்து ஒரு நிமிஷம் விடுங்கள். ஒவ்வொரு துளையிலும் உள்ளே கூராக ஒரு நீலக் கூம்பு, அதைச் சுற்றி வெளிறிய நீலம், சத்தம் இல்லாமல் நின்று எரிந்தால் சரி. நுனி மஞ்சளாக, சோம்பேறித்தனமாக ஆடினால் காற்று போதவில்லை அல்லது ஜெட் பெரிசு. பர்னரை விட்டுத் தீ எம்பி எம்பி, 'புஸ்' என்று இரைந்தால் காற்று அதிகம். அணைக்கும்போது 'டப்' என்று உள்ளே வெடித்தால் தீ பின்னால் போகிறது, பர்னர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடையிடையே ஆரஞ்சுப் பொறி மட்டும் பறந்தால் அது தூசியோ சிந்திய உப்போ, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆரஞ்சுப் பொறியையும் மஞ்சள் நுனியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

பிறகு சிம். முழுத் தீயிலிருந்து நாப்பை ஒரே வீச்சில் சிம்முக்குத் திருப்புங்கள், அணையக் கூடாது. அப்படியே சமையலறைக் கதவை ஒரு முறை படாரென்று திறந்து மூடுங்கள், அப்போதும் நிற்க வேண்டும். மலையில் காற்று அடிக்கிற அடிக்கு இது முக்கியம். கடைசியாக, பளிச்சென்று தேய்த்த ஒரு பாத்திரத்தில் தண்ணி வைத்துக் கொதிக்கவிட்டு அடியைப் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தால் துடைத்தால் கரி வரக் கூடாது. வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், மெக்கானிக் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தாலும் சரி.

எப்போதாவது கேஸ் வாடை அடித்தால்: சுவிட்ச் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, ஆட்களோடு வெளியே வந்து, வெளியே நின்று 1906-க்குப் போன் பண்ணுங்கள். நாடு முழுவதற்கும் எல்.பி.ஜி. அவசர எண் அதுதான்.

கீசர் வேறு ஜாதி

அடுப்பு மாதிரியே பாத்ரூம் கேஸ் கீசரையும் மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். என் பதில்: வேண்டாம், விற்றுவிட்டு எல்.பி.ஜி. மாடல் வாங்குங்கள். அதில் ஒரு ஜெட் இல்லை, ஒரு கம்பியில் வரிசையாகப் பல ஜெட்கள். அவற்றோடு கேஸ் வால்வு, தண்ணி அழுத்தத்தில் திறக்கிற பாகம், தீயின் சூட்டைத் தண்ணிக்குக் கடத்துகிற வெப்ப மாற்றி எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. அடுப்பில் ஜெட் பெரிசாக இருந்தால் பாத்திர அடி கறுக்கும், நம் கண்ணில் படும். கீசரில் கரி பிடிப்பது உள்ளே இருக்கிற செம்புத் துடுப்புகளில், யார் திறந்து பார்க்கப்போகிறார்கள். துடுப்பு அடைத்தால் புகை வெளியே போகாது, காற்றில்லாமல் இன்னும் மோசமாக எரியும், குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு நிறையும். கீசர் பாத்ரூமில் மயங்கி விழுந்தவர்கள் செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. எல்.பி.ஜி. மாடலே வாங்கினாலும் அறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டிச் சுடுதண்ணியை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுவாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் ஃபர்னஸ்

ஏற்காட்டுக் குளிருக்கு வீட்டைச் சூடாக்க ஃபர்னஸ் யாரும் வைப்பதில்லை, கம்பளி போதும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் அமெரிக்காவில் ஊருக்கு வெளியே வீடு வாங்குகிறார்கள். அங்கே தெருக்குழாய் வராது, தோட்டத்தில் பெரிய புரோப்பேன் டேங்க் வைப்பார்கள். கடைகளில் வருகிற ஃபர்னஸ் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவுக்கு அமைத்து வருவது, ஆகவே மாற்ற வேண்டும். அடிப்படை இதே கதைதான், அளவுதான் வேறு. இயற்கை எரிவாயு தருகிற சூடு ஒரு கன அடிக்குச் சுமார் 1,000 பி.டி.யூ. (அங்கே சூட்டை அளக்கிற அலகு), புரோப்பேன் சுமார் 2,500. பர்னருக்குள் போகிற அழுத்தம் வழக்கமாக முன்னதுக்கு 3.5 அங்குலத் தண்ணீர் அளவு, புரோப்பேனுக்கு 10 அங்குலம். நம் கணக்கில் சொன்னால் சுமார் 9 மில்லிபாரிலிருந்து 25-க்கு.

அங்கே ஜெட் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். கேஸ் வால்வுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், பைலட் தீ, அதாவது பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரிகிற குட்டித் தீ, உள்ள பழைய மாடலென்றால் பைலட் ஜெட்டும், சில மாடல்களுக்கு டேங்க் காலியாகும்போது அணைத்துவிடுகிற குறை அழுத்த சுவிட்சும். இவையெல்லாம் சேர்ந்து அந்த ஃபர்னஸ் மாடலுக்கென்றே கம்பெனி விற்கிற கிட்டில் வரும். வேறு கம்பெனி கிட், 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்கிற கிட் வேண்டாம். சில மாடல்களை மாற்றவே முடியாது, அதையும் கம்பெனி புத்தகம் சொல்லும். மாற்றாமல் ஓட்டினால் தீ வெப்ப மாற்றியின் சுவரைத் தொடும், கரி அடைக்கும், தகடு நாளடைவில் விரிசல் விட்டு, புகை வீட்டுக்குள் ஓடுகிற காற்றில் கலக்கும்.

இதை யூடியூப் பார்த்துச் செய்யலாமா என்று பையன் கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள், உரிமம் உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வருகிறவரிடம் கேட்க வேண்டியதையும் சொல்லிக்கொடுங்கள்: ஃபர்னஸ் ஓடும்போதே மேனோமீட்டர் வைத்து பர்னர் அழுத்தத்தை அளந்தீர்களா, உள்ளே வருகிற அழுத்தம் 11-லிருந்து 14 அங்குலத்துக்குள் இருக்கிறதா, புகைபோக்கியில் கருவி விட்டு கார்பன் மோனாக்சைடு பார்த்தீர்களா, ஊர் 2,000 அடிக்கு மேலே இருந்தால் உயரத்துக்கான ஜெட் அட்டவணையைப் பார்த்தீர்களா. 'எரியுது, பார்த்துட்டேன்' என்பது இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லை. அங்கே பல வீடுகளில் ஃபர்னஸ் வீட்டுக்கு அடியில் உள்ள அறையில், மண்ணுக்குள் இருக்கும், புரோப்பேன் தேங்குகிற பள்ளமும் அதுதான். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரமும், கீழே புரோப்பேன் அலாரமும் வேண்டும், இரண்டும் வேறு வேறு கருவி.

அடுப்புக்குத் திரும்பி, ஒரு சின்ன வேலை பாக்கி. கழற்றிய பைப் கேஸ் ஜெட்களைத் தூக்கிப் போடாதீர்கள். குடைந்த ஜெட்டாக இருந்தால் மட்டும் போட்டுவிடுங்கள். கம்பெனி ஜெட் என்றால் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எந்த பர்னருடையது என்று எழுதி, அடுப்புப் புத்தகத்தோடு கட்டி வையுங்கள். அடுப்பின் அடியில், பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், 'எல்.பி.ஜி. ஜெட் மாற்றியது' என்று தேதியோடு அழியாத மார்க்கரில் எழுதுங்கள். நாளைக்கு அடுப்பை விற்றாலும், கீழே சேலத்தில் மகள் வீட்டுக்குக் கொடுத்தாலும், கவிழ்த்துப் பார்க்கிற மெக்கானிக்குக் குழப்பம் வராது.